எட்டாயிரம் கோழிகளுக்கு ஒரு கச்சேரி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு இசை அவ்வளவாக வராது. இசைக் கருவி வாங்க மட்டும் நன்றாக வரும். என் கீபோர்டில் அறுநூறு விதமான சத்தங்கள் உண்டு. நான் தொடுவது மூன்றை. மிக்ஸர் ஒன்று, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, காலால் மிதிக்கிற பெடல் ஒன்று (அதை எப்போது மிதிக்க வேண்டும் என்பது இன்றுவரை தகராறுதான்). இத்தனையையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரே சாதனை, ஒரு கோழிப் பண்ணையைக் கதிகலங்க வைத்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வயரிங் வேலை. கவிதாவைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருப்பதாகத் தகவல் வந்தது. அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். பையன் பாட்டு, கச்சேரி என்று ஊர் சுற்றுகிறவன் என்று யாரோ நல்லவர்கள் அவர் காதில் ஓதிவிட்டார்கள். "ஞாயித்துக்கெழம பையனைப் பண்ணைக்கு வரச் சொல்லுங்க, பேசிப் பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார். என் கல்யாணமே அந்தப் பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போனேன். இளநீர் கொடுத்தார். நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க சாமி, இந்தப் பாட்டு வாசிக்கறதெல்லாம் என்னத்துக்குங்க?"

"சும்மா பொழுதுபோக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு இளநீரைக் குடித்திருந்தால் அன்றைக்கே தேதி குறித்திருப்பார்கள். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. கோழிக் கொட்டகைக்குள் கரகரவென்று ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"கோழிக்குப் பயம் சாஸ்திங்க. எந்நேரமும் ஏதாச்சும் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா பழகிக்கும். பக்கெட்டு கீழ உழுந்தாக்கூட மெரளாது" என்றார்.

"அதுக்குன்னு இந்த ஓட்டை ஸ்பீக்கர்லயா மாமா? பேஸே இல்லீங்களே!"

"கோழிக்கு அதெல்லாம் எதுக்குங்க?"

"அப்புடிச் சொல்லாதீங்க. நல்ல சங்கீதம் போட்டா முட்டை சேத்தி வெக்குமுங்க. அடுத்த வாரம் நான் பண்ணிக் காட்டறனுங்க."

(முட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஃப்பாயில் மட்டும்தான்.)

அடுத்த ஞாயிறு காலை, பட்டறை வண்டியைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, வீட்டில் இருந்த அத்தனை சாமானையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நனைத்தேன். ஸ்பீக்கருக்கும் கால் உண்டா என்று வேலையாள் ஒருவர் எட்டிப் பார்த்தார். கவிதா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது எனக்குப் புரியவில்லை. வெட்கம் என்று நினைத்தேன்.

"திடீர்ச் சத்தம் மட்டும் ஆகாதுங்க" என்றாள். எங்களுக்குள் நடந்த முதல் உரையாடல் அதுதான்.

"இது சத்தம் இல்லீங்க. சங்கீதம்" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

கொட்டகை நெடுக, கூண்டு கூண்டாக எட்டாயிரம் கோழிகள். ரேடியோவை நிறுத்திவிட்டு மெதுவாக வாசிக்க ஆரம்பித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோழிகள் கொக்கரிப்பதைக் குறைத்தன. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. பட்டறையில் நான் வாசித்தால் ஆளுக்கொரு பக்கம் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இங்கே எட்டாயிரம் பேர் எழுந்து போகாமல் கேட்கிறார்கள்! (கூண்டு பூட்டியிருந்தது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.)

"நல்லாத்தானுங் இருக்குது" என்றார் மாமா. அவர் முகம் இளகியதை என் கண்ணால் பார்த்தேன். கவிதாவைத் திரும்பிப் பார்த்து, "அம்மிணி, மாப்ளைக்குக் காப்பி கொண்டா" என்றார். மாப்ளை! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதோடு மூட்டை கட்டியிருக்க வேண்டும்.

நான் செல்போனை எடுத்தேன். அதில் என் உயிருக்கு உயிரான ஒரு பதிவு இருந்தது. ராசிபுரம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நானே கூட்டத்துக்குள் நின்று பிடித்தது. அந்தக் குழுவின் கீபோர்டுக்காரர் நடுவில் தனியாக ஓர் இழுப்பு இழுப்பார் பாருங்கள், பதினொரு சுரம், கடைசிச் சுரத்தில் விரலை ஒரு நெளி நெளிப்பார், ஐயோ! அதை ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். யார் கிடைத்தாலும் உட்கார வைத்துக் கேட்க வைப்பேன். அந்த விரல் நெளிவைத் தவிர வேறு எதுவும் என் காதில் விழாத அளவுக்கு அதில் ஊறிப்போயிருந்தேன்.

"மாமா, நான் வாசிச்சதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க. இதைக் கேளுங்க" என்று மிக்ஸரில் செருகி, சத்தத்தை முழுசாக ஏற்றினேன்.

இழுப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். பதினோராவது சுரமும் வந்தது. அதற்கு அடுத்த நொடியில், கோயில்காரர்கள் சாமி புறப்பாட்டுக்கு அதிர்வேட்டு போட்டார்கள்.

வேட்டுச் சத்தம் என்றுமே அந்தப் பதிவில் இருந்ததுதான். எனக்குத்தான் அது மறந்தே போயிருந்தது.

டமார்! டமார்! டமார்! எட்டாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் பறக்கப் பார்த்தன. கூண்டெல்லாம் குலுங்கியது. தீவனத் தூசியும் இறகும் கிளம்பி எதிரில் நின்ற மாமா காணாமல் போனார். "அட கெரகமே! நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று குரல் மட்டும் வந்தது. பாய்ந்து போய் ஒரு பொத்தானை அமுக்கினேன். அது கீபோர்டின் தாளப் பொத்தான். வேட்டுச் சத்தத்தோடு டப்பாங்குத்தும் சேர்ந்துகொண்டது. தப்பு என்று தெரிந்து பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். தாளம் வேகமானது. கடைசியில் கவிதா நிதானமாக நடந்து போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

மாமா இறகு ஒட்டிய மீசையோடு தூசிக்குள்ளிருந்து வெளிப்பட்டார். நேராகப் போய்ப் பழைய ரேடியோவைத் திரும்பப் போட்டார். கவிதா காப்பி டம்ளரை என்னிடம் நீட்டினாள். அதிலும் ஓர் இறகு மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். (வேறு என்ன செய்வது?)

மறுநாள் மாமாவிடமிருந்து போன் வந்தது. "வந்து பாருங்க" என்று இரண்டே வார்த்தை. போய்ப் பார்த்தேன். மிரண்ட கோழிகள் தோல்முட்டையாக இட்டு வைத்திருந்தன. தோல்முட்டை என்றால் ஓடு இருக்காது, வெறும் சவ்வுதான். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தொளதொளவென்று இருக்கும். கையில் எடுத்தால் வழுக்கும், அழுத்தினால் உடையும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்யாணம் போனது போனதுதான், செய்த பாவத்தையாவது தொலைப்போம் என்று ஓர் அன்னக்கூடையை வாங்கிக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தேன்.

தினமும் விடிந்ததும் பண்ணைக்குப் போய்ப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போனேன். இரண்டாம் நாள், இன்னோர் அன்னக்கூடையோடு கவிதாவும் வந்தாள். "நீங்க அமுக்குற அமுக்குல பாதி உடையுதுங்க" என்றாள். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் பேசியதைப் போல, பெண் பார்த்த எந்த ஜோடியும் எங்கள் பக்கம் பேசியிருக்காது. வாரக் கடைசியில் முட்டையெல்லாம் ஓட்டோடு வர ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்து வருத்தப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

இருந்தும் மறுநாள் போய் நின்றேன். மாமா வாசலிலேயே மறித்தார்.

"கோழி செரியாயிருச்சுங்களே சாமி. இன்னும் எதுக்கு வாரீங்க?"

மருந்துத் தண்ணீரில் நின்ற காலைப் பார்த்தேன். கொட்டகைக்குள்ளிருந்து கவிதாவின் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. மாமா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"தை மாசம் வெச்சுக்கலாமுங்க" என்றார். "ஆனா அந்தப் பொட்டி எதுவும் இந்த வாசலத் தாண்டப்படாது."

இன்றுவரை தாண்டவில்லை. ஆனால் தோல்முட்டைக்கு அந்தப் பண்ணையில் 'மாப்ளை முட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேலையாட்கள் பக்கத்துப் பண்ணைகளுக்குப் போனபோது பெயரும் கூடவே போய்விட்டது. போன மாதம் எங்கள் பட்டறைக்கு வண்டி விஷயமாக ஒரு கோழித் தீவன வியாபாரி வந்தார், என்னை யாரென்றே தெரியாதவர். பேச்சுவாக்கில் சொன்னார்: "வெயில்ல ஒரே மாப்ளை முட்டைங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து அந்தப் பேருதான். ஏன்னுதான் தெரியலீங்க."

"எனக்கும் தெரியலீங்க" என்றேன்.