கருவாட்டோடு பாரிஸ் பார்த்தது

செலியமேடு,
பாகூர் கொம்யூன்.

மைத்துனர் திரு. பாக்யராஜ் அவர்களுக்கு,

அக்காள் வீட்டுக்காரர் நாகராஜன் எழுதுவது. இங்கு நானும், உங்கள் அக்காள் செல்வகுமாரியும், மகள் மணிபாரதியும், போன வாரம் கன்று போட்ட பசுவும் சுகம். தாங்கள் சுகமாக இருப்பதை நானே பாரிசுக்கு வந்து கண்ணால் பார்த்துவிட்டபடியால் அதை விசாரிக்கவில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்க வேண்டாம். என் போனைத் தாங்கள் எடுப்பதில்லை. காகிதம் வந்து விழுந்தால் யார் எழுதியது என்று பார்க்கவாவது பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதற்கு மேல் ‘தாங்கள்’ போட்டால் எனக்கு மூச்சு முட்டும். நீ என்றே எழுதுகிறேன்.

தீபாவளிக்குப் போன் செய்தபோது நீ என்ன சொன்னாய்? மணிபாரதி காலேஜில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளையெல்லாம் பாரிஸ் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிறார்கள், பெண் பிள்ளைகள் அதிகம் என்பதால் துணைக்குப் பெற்றோரில் ஒருவர் வரலாமாம், மற்ற பெற்றோர் யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பாஸ்போர்ட்டும், முன்பு ஒரு முறை நீ வாய் தவறி “வந்து பாருங்க மாமா” என்று சொன்னதை நம்பி எடுத்து வைத்ததுதான். “வாங்க மாமா, ஏர்போர்ட்டுக்கே வந்து நிக்கிறேன்” என்றாய். அதற்குப் பிறகு உன் குரலே இல்லை. நான் கூப்பிட்டாலும் சரி, உன் அக்காள் கூப்பிட்டாலும் சரி, ‘வேலை’ என்று ஒரு மெசேஜ். ஆனாலும் கரும்பு வெட்டுகிற நேரத்தில் வயலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். உன் அக்காள் உனக்காக நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள். நாலு சுற்றுத் துணி, அதற்கு மேல் பாலித்தீன், அதற்கு மேல் என் கல்யாண வேட்டியில் பாதி. அப்படியும் விமானத்தில் பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாரிஸ் ஏர்போர்ட்டில் நீ இல்லை. ‘வேலை விஷயமா லியோன் வந்திருக்கேன்’ என்று மெசேஜ் இருந்தது. நான் நம்பினேன். ஓட்டலில் என்னோடு ஒரே அறையில் போட்டிருந்த அன்புராஜ் என்ற பையன், “அங்கிள், ஒண்ணு அது இருக்கட்டும், இல்லன்னா நான் இருக்கேன்” என்றான். பிள்ளையை எங்கே அனுப்புவது? கருவாட்டை நான் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் பார்த்த பாரிஸ் முழுவதும் கருவாட்டோடு பார்த்ததுதான். அந்த இரும்புக் கோபுரத்தைப் பார்க்கப் போனோம். பாதிக்கு மேல் பனி மூடிக் கிடந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் கீழே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், லியோனில் வேலை சீக்கிரம் முடிந்து திரும்பியிருந்தால், மாமன் இங்கேதான் இருப்பார் என்று தேடிக்கொண்டு நீ வந்துவிட மாட்டாயா என்று. மணிபாரதி போட்டோ எடுத்துக்கொண்டே, “யப்பா, இங்க பாருப்பா, யாரை இப்டி தேடிக்கினு இருக்க?” என்றாள். அந்தப் பயணத்தில் எடுத்த ஒரு போட்டோவிலும் என் முகம் நேராக இல்லை. எல்லாவற்றிலும் மாட்டைத் தொலைத்தவன் மாதிரி ஓரமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு மியூசியம். வாசலில் பையை மிஷினுக்குள் விட்டார்கள். காவல்காரர் வெளியே எடுத்து, என் கல்யாண வேட்டியை அவிழ்த்து, பாலித்தீனைப் பிரித்தார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை தானாக இரண்டு தப்படி பின்வாங்கியது. மஞ்சுளா மேடம்தான் பிரெஞ்சு வாத்தியார், ஆனால் அவருக்கு அந்த நேரத்தில் பிரெஞ்சு வரவில்லை. உன் மருமகள் முன்னால் வந்தாள். மூன்று வருஷம் படித்ததெல்லாம் அதற்குத்தான் போல. காய்ந்த மீன், பாரிசில் இருக்கும் எங்கள் மாமாவுக்கு, அம்மா கொடுத்தனுப்பியது என்று கடகடவென்று சொன்னாள். காவல்காரர் சிரித்துவிட்டு ஏதோ கேட்டார். அவள் குனிந்து வேட்டியை மடிக்க ஆரம்பித்தாள். என்னம்மா கேட்கிறார் என்றேன். “மாமா எங்கன்னு கேக்கறாருப்பா” என்றாள். உள்ளே உலகப் புகழ் பெற்ற ஓவியமெல்லாம் இருந்தது. எனக்கு அந்தக் கேள்விதான் ஞாபகம் இருக்கிறது.

கடைசி நாள், பிள்ளைகள் ரொட்டி தின்று தின்று வாடிப்போயிருந்ததால், மஞ்சுளா மேடம் தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவுக்கு, லா ஷப்பலுக்கு அழைத்துப் போனார். தோசை வாசனை வந்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நானும் மணிபாரதியும் பின்னால் நடந்துகொண்டிருந்தோம். ஒரு காய்கறிக் கடை வாசலில் நீ முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாய். லியோனில் இருக்கிறவன். நிமிர்ந்தாய், என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் கழுத்துத் துணியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, புதுப்பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, காயைப் போட்டுவிட்டு நடையைக் கட்டினாய். நான் “பாக்யா” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். நீ திரும்பவில்லை. மணிபாரதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அது மாமா இல்லப்பா. வேற யாரோ. வா, சாப்டலாம்.” பெற்ற தகப்பனிடம் என் பெண் எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அதுதான். அதையும் உனக்காகத்தான் சொன்னாள்.

நாங்கள் உன்னிடம் என்ன கேட்டுவிடுவோம் என்று பயந்தாய்? தங்க இடமா? ஓட்டல் இருந்தது. சோறா? உனக்குச் சோறு கொண்டுவந்தவன் நான்.

கருவாட்டை அந்தக் கடைக்காரம்மாவிடம் நீட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர். “ஆருக்கு ஐயா கொண்டு வந்தனீங்கள்?” என்று கேட்டார். யாருக்கும் இல்லம்மா, நீங்க எடுத்துக்கங்க என்றேன். அவர் முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஊரில் அதை மரியாதையாக முகர்ந்த ஒரே ஆள் அவர்தான்.

வீடு வந்து சேர்ந்தால் உன் அக்காள் வாசலிலேயே நிற்கிறாள். கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்கவில்லை. “தம்பி எப்படி இருக்கான்?” என்றாள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நல்லா இருக்கான் என்று வந்தது. “வூட்டுக்குப் போனீங்களா?” போனோம். “இன்னா ஆக்கிப் போட்டான்?” மிளகு ரசமும் வறுத்த கறியும். “இளைச்சிட்டானா?” எங்கே இளைக்கிறது, உருண்டையாக இருக்கிறான். “என்னைப் பத்திக் கேட்டானா?” கருவாட்டைக் கையில் வாங்கினதும் அழுதுவிட்டான் என்றேன். இதற்கு மேல் ஒரு மனுஷன் இன்னொருத்தனுக்காக எவ்வளவு பொய்தான் சொல்வது? அவள் நிறுத்தவில்லை. தினமும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஒரு புதுக் கேள்வி கேட்கிறாள். உன் வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று நேற்று கேட்டாள். நானும் உனக்கு ஜன்னல் வைத்துக் கட்டிக்கொண்டே போகிறேன். பக்கத்து வீட்டு மணியம்மாள், “பாரிஸ் தம்பி பாசத்தைக் கேக்கணும்” என்று வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்கிறாள்.

ஆகவே விஷயம் இதுதான். நீ எங்களைப் பார்த்தாய், சோறு போட்டாய், அழுதாய். உன் அக்காள் கேட்டால் ஒன்றையும் மறுக்காதே. எனக்காக இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான். அதை நான் பொய்யில் கட்டி வைத்திருக்கிறேன், இடித்துவிடாதே. மற்றபடி செலியமேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. வந்தால் தண்ணீர் கொடுப்பேன், அதுவும் வெளியிலேயே.

பாகூர் மூலநாதர் உன்னை நன்றாக வைக்கட்டும். அது அவர் வேலை, அவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
இனி உனக்கு மாமன் இல்லாத
செ. நாகராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடும்போது உன் அக்காள் கடிதத்தைக் கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டாள். நின்றபடியே முழுவதும் படித்தாள். முடித்துவிட்டு, “எல்லாம் எனக்குத் தெரியும்” என்றாள். உன்னை அந்தத் தெருவில் பார்த்தோமே, அன்றைக்கே நீ அவளுக்குப் போன் போட்டாயாம். வாய் குழறிக் குழறிப் பேசினாயாம். கார்த்திகையில் உனக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்து, ஒரு பக்கம் முகம் கோணிப்போய், பேச்சும் சரியாக வராமல், மருமகள் பார்த்துப் பயந்துவிடுவாளோ என்றுதான் ஓடினாயாம். மாமாவிடம் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாயாம். இத்தனை நாளும் நான் உனக்கு ஆக்கிப் போட்ட ரசத்தையும் வைத்த ஜன்னலையும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏண்டி கேட்டுக்கொண்டே இருந்தாய் என்றேன். “நீங்க சொல்லும்போது அவன் நல்லா இருந்தான்” என்றாள். அவளுக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போட நாளைக்குப் போகிறோம். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அவள் விடவில்லை. “அனுப்புங்க. திட்டறதுக்குக்கூட ஆளில்லாம கிடக்கறான்.”