சண்முகராஜின் கியர் அட்டவணை

"ஆறாயிரத்து நூறு. ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஆர்.பி.எம். முள்ளு அங்கன வந்ததும் கியரை மாத்திரு," என்றார் சண்முகராஜ், கார் ஜன்னலுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு.

"நா பாதையைப் பாக்கவா, முள்ளைப் பாக்கவா?" என்றாள் அவர் மனைவி சுபாஸ்ரீ.

"ரெண்டையும் பாரு."

பண்ணைப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மண் பொட்டலில் கார்ப் பந்தயம். ஒவ்வொரு காராக விடுவார்கள். கூம்புகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து ஆளுக்கு மூன்று சுற்று. அதில் குறைந்த நேரம்தான் கணக்கு.

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் சண்முகராஜ்தான் ஓட்டுவதாக இருந்தது. புது டர்போ காரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது கியர் மாற்றினால் வேகம் குறையாது என்று இரண்டு மாதம் உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தார். போன வாரம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கிளட்ச் மிதித்துப் பழகியதில் கணுக்கால் பிசகிவிட்டது. மைத்துனன் விஜய்ராஜ் போன வருடம் எடுத்த ஐம்பத்தெட்டு நொடியை சுபாஸ்ரீ முறியடிப்பாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. தோற்றால் திங்கட்கிழமை தலைகாட்ட முடியாது.

முதல் சுற்று. சுபாஸ்ரீ முள்ளையே பார்த்து, மிகச் சரியாக ஆறாயிரத்து நூறில் கியரை மாற்றினாள். மிகச் சரியாக அந்த இடத்தில் ஒரு கூம்பு இருந்தது. அறுபத்தாறு நொடி.

"கணக்குல சின்னப் பிசகு. டர்போ வண்டி, மேல போகப் போக இழுவை கொறையும். நாலாயிரத்துல மாத்து."

மாற்றினாள். கார் பெருமூச்சு விட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்த ஆள் மாதிரி நகர்ந்தது. அவசரத்தில் இன்னொரு கூம்பில் மோதி, அதையும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். எழுபத்தொன்று.

"மச்சான், அக்கா நடந்தே போயிருக்கலாம்," என்றான் விஜய்ராஜ்.

சண்முகராஜ் பானெட்டின் மேல் தாளை விரித்தார். கூட்டினார், கழித்தார், பேனாவைக் கடித்தார். "ஐயாயிரத்து அறுநூத்தம்பது! இதுதேன் முடிவு!"

"நீங்க அங்கன போயி ஓரமா நில்லுங்க," என்று சுபாஸ்ரீ கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

மூன்றாவது சுற்று. சண்முகராஜ் நொண்டிக்கொண்டே கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தா! மூணாவது கியர் விழுந்துருச்சு! சத்தத்துல தெரியுதுல்ல?"

தெரியாதவர்களும் தலையாட்டினார்கள்.

"வளைவுக்கு முன்னாடி ரெண்டுக்கு எறக்குறா... மறுபடியும் மூணு! ஐயாயிரத்து அறுநூத்தம்பது, அச்சுப் பிசகல!"

ஒரு கூம்பு அசையவில்லை. ஐம்பத்தாறு நொடி.

விசில் பறந்தது. விஜய்ராஜே இறங்கி வந்தான். "மச்சான், அந்த அட்டவணையை எனக்கும் ஒண்ணு குடுங்க." பதினோரு பேர் அதைப் போனில் படம் பிடித்தார்கள். கூடலூர்க்காரர் ஒருவர், தன் ஜீப்புக்கும் இதே மாதிரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

பிசகிய காலை மறந்து சண்முகராஜ் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறினார். "கியருங்கறது கையில இல்லய்யா, கணக்குல இருக்கு..."

சுபாஸ்ரீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் கிங்ஸ்லி கையெல்லாம் கிரீஸோடு தவழ்ந்து வெளியே வந்தான்.

"அண்ணே, வண்டியை லாரியில ஏத்தித்தேன் கொண்டு போகணும். கியர் கேபிள் ரெண்டாவது ரவுண்டு முடியயிலயே அந்துருச்சு. கடைசி ரவுண்டு முழுக்க அக்கா ரெண்டாம் கியர்லயேதேன் ஓட்டியிருக்காக."