எழிலரசி சும்மா இருக்கப் போன படலம்

“அப்போ சும்மா இருக்கறதுக்கு எத்தனை மணியிலருந்து எத்தனை மணி வரைக்கும் போட்டிருக்கே?”

“ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு முடியுதுங்க. முழுசா மூணு மணி நேரம்.”

“சும்மா இருந்து முடிச்சப்பறம்?”

“தலை துவட்ட அஞ்சு நிமிசம். குறுக்க பேசாதீங்க, இன்னும் பதினாலு பக்கம் இருக்குது.”

வாழ்க எழிலரசி! ஓய்வெனும் எட்டாக் கோட்டையின் மீது இருபத்துமூன்று பக்க நோட்டுப் புத்தகத்தோடு படையெடுத்த பெருந்திருவே, வாழ்க! மாரண்டஹள்ளிக்கு மேற்கே, குச்சி ஊன்றி நூல் கட்டிய ஒன்றரை ஏக்கர் தக்காளிக்கு அதிபதியே, இரு கறவை மாடுகளின் தலைவியே, மும்முனை மின்சாரம் வந்த மறுகணமே உறக்கத்திலும் எழுந்து மோட்டார் போடும் கூர்ஞ்செவியாளே, பால் சொசைட்டி வரிசையில் பதினோரு ஆண்டுகளாக எவருக்கும் பின்வாங்காத பாதங்களை உடையவளே, வாழ்க! நாள்காட்டித் தாள்களே, பேருந்து நேர அட்டவணைகளே, இக்கதை தடையின்றி நடக்கத் துணை நில்லுங்கள்!

கேள்வி கேட்டவன் அவள் கணவன் தமிழ்மணி. தக்காளிப் பெட்டிகளைத் தரம் பிரித்து அடுக்கிக்கொண்டே திட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஊர் சுற்றிவரக் காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போதும் என்பது அவன் பிறந்த நாளிலிருந்து பிடித்துவைத்திருந்த கொள்கை. அப்படிக் கிளம்பியவன் எவனுக்கும், அவன் கிளம்பும் முன்பே எழுந்து சட்டையைத் துவைத்து வைத்தவள் ஒருத்தி உண்டு என்பது எழிலரசி அறிந்த உண்மை.

இந்தப் போருக்கு வித்திட்டது இருபத்திரண்டு விநாடி. மாசி மாதத்து நடுப்பகலொன்றில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அவள் கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டிருக்கையில், ஓசூருக்கு அப்பாலுள்ள நீலத்திமிங்கிலம் என்னும் நீர்விளையாட்டுப் பூங்காவின் விளம்பரம் ஒன்று திரையில் எழுந்தது. ‘லேசி ரிவர்’, அதாவது மந்தநதி, என்று எழுதிய வளைவின் கீழே, இளநீல வண்ணத்தில் ஒரு செயற்கை ஆறு எறும்பை விடச் சற்றே வேகமாக ஊர்ந்தது. அதன் மேல் மஞ்சள் டியூபொன்றில், கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒரு பெண் கைகால்களைப் பரப்பி மல்லாந்து மிதந்தாள். அவள் அழகியல்லள், ஆனால் அவளை யாரும் கூப்பிடவில்லை. இருபத்திரண்டு விநாடி முழுவதும் யாருமே கூப்பிடவில்லை! தன் மணவாழ்வின் பதினோரு ஆண்டுகளில் அப்படி இருபத்திரண்டு விநாடி எங்கேனும் கிடந்ததா என்று எழிலரசி நினைவெல்லாம் துழாவினாள். அகப்படவில்லை. அன்றே, அடுப்பில் குழம்பு சாட்சியாக, தானும் அந்த மந்தநதியில் மிதந்தே தீருவதென்று சூளுரைத்தாள்.

சூளுரைத்தல் எளிது, நாள் குறித்தல் அன்றோ மாமலையைப் பெயர்த்தல்! மகள் ஜெயபிரியாவுக்குப் பள்ளி விடுமுறை வேண்டும், ஆகவே சித்திரை. தக்காளி பறிப்பது ஒருநாள் விட்டு ஒருநாள். ஆகவே பறிக்காத நாள். மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வரும். ஆகவே இரவு வாரம். அஷ்டமி, நவமி, கரிநாள் ஆகாது. எஞ்சிய நாள்களின் மீதோ கல்யாணப் பத்திரிகைகள் கார்கால மேகம் போலக் கவிந்திருந்தன. அப்போதுதான் எழிலரசியின் மதிநுட்பம் மின்னலெனப் பாய்ந்தது. செவ்வாய்க்கிழமை! எந்த வீட்டிலும் செவ்வாயன்று தாலி கட்டமாட்டார்கள். பத்திரிகை வராது, மொய் எழுத வேண்டியதில்லை, பூங்காவிலும் கூட்டமிராது. வாங்கிய நுழைவுச்சீட்டின் நாளை மாற்ற இயலாது என்று பூங்கா சிவப்பு எழுத்தில் எச்சரித்தபோதும், எல்லாத் திசையும் அடைத்துவிட்ட சேனாபதியைப் போல அவள் புன்னகைத்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பே மூன்று சீட்டு வாங்கினாள்.

அடுத்து தூது. மாடுகளை ஒருநாள் கறக்க ஆள் வேண்டும். பக்கத்து வீடு, தமிழ்மணியின் அண்ணி சசிகலாவுடையது. கையில் ஒரு சொம்பு சீம்பாலோடு எழிலரசி அவ்வாசலில் நின்றாள்.

“ஒருநாள் தானேக்கா. ராத்திரி எட்டரை மணிக்குள்ள எப்படியும் வந்துருவோம்.”

“வெள்ளச்சி உதைக்குமேடி.”

“என் பழைய நைட்டியப் போட்டுக்கிட்டு போங்க, உதைக்காது. துணிதான் அதுக்கு அடையாளம். மூஞ்சிய ஏறெடுத்தும் பாக்காது.”

“எங்கூட்டுக்காரரு மாதிரியே இருக்குது” என்று சசிகலா உடன்பட்டாள். கைம்மாறாக, அவள் தங்கை வளைகாப்புக்கு மொரப்பூர் போகும் இரண்டு நாளும் அவளது ஏழு ஆடுகளையும் எழிலரசி மேய்க்க வேண்டும் என்று உடன்படிக்கை கையெழுத்தின்றி நிறைவேறியது.

பின்னர் ஒத்திகை. பூங்காவில் பருத்தித் துணிக்கு அனுமதியில்லை. நைலான் உடுத்தியவரே நீரில் இறங்கலாம். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மூவரும் உடைமாற்றிப் பழகினர். ஜெயபிரியா இரண்டு நிமிடம். எழிலரசி நான்கு நிமிடம். தமிழ்மணி, பாலக்கோட்டில் வாங்கிய கருநீல அரைக்கால் சட்டையில் அறைக்குள்ளேயே பதினெட்டு நிமிடம் நின்றுவிட்டு, பால்காரர் போய்விட்டாரா என்று கேட்டான். பூங்காவுக்குள் வெளியுணவு கூடாது. ஆகவே எலுமிச்சைச் சாதத்தை ஓசூர்ப் பேருந்து நிலையத்திலேயே உண்டு, பகல் முழுதும் பசியைத் தள்ளி நிறுத்துவது. கண்ணாடித்தாள் உறை போன்ற ஒன்றில் கைப்பேசியை அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வது. எந்தச் சறுக்குமரம் முதலில், எது அடுத்து, எங்கே கழிப்பறை, எத்தனை நிமிடம். இவையனைத்தும் நோட்டில் ஏறின. ஓய்வு மெல்ல மெல்ல, ஒரு முழு அறுவடைக்கு நிகரான வேலையாகத் திரண்டு எழுந்தது.

ஐயகோ! எல்லா நாள்காட்டியையும் பார்த்தவள் ஒன்றைப் பார்க்கவில்லை; ஏனெனில் அது எந்த நாள்காட்டியிலும் இல்லை. பயணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஊர்க்கூட்டம் கூடியது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டும் நாளைப் பெரியவர் மாரப்பன் ஒலிபெருக்கியில் முழங்கினார்: “வர்ற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய், சாயங்காலம் ஏழு மணிக்கு!” கல்யாணம் தொடாத கிழமையைத் தேடித்தேடிப் பிடித்த எழிலரசி, அது அம்மனுக்கே உரிய கிழமை என்பதை மறந்திருந்தாள். போதாக்குறைக்கு, காப்புக்கு மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்து எடுத்துப் போகும் முறை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்மணியின் குடும்பத்துக்கு உரியது. இந்த வருடம் அவன் கை. கயிறோடு அவன் நிற்காவிட்டால், அந்த முறைக்காக இருபது வருடமாகக் காத்திருக்கும் பங்காளி ஆண்டி தட்டை ஏந்திவிடுவான்.

“அடுத்த வருசம் போய்க்கலாம், எழிலு” என்றான் தமிழ்மணி, மெதுவாகத்தான்.

அப்போது எழிலரசி எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தில் அடுக்கிய தட்டுகள் அதிர்ந்தன. அவள் முழங்கினாள்: “கேட்டுக்கங்க! அம்மனுக்குக் கயிறு ஏழு மணிக்கு வேணும், வந்துரும். ஆண்டி அண்ணன் தட்டத் தொட மாட்டாரு, அது என் பொறுப்பு. ஆனா அந்தத் தண்ணியில நான் படுக்காம இந்த வருசம் போவாது. மூணு மணி நேரம் வேணாங்க. முக்கா மணி குடுங்க. பதினோரு வருசத்துக்கு முக்கா மணி!”

கணவன் நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் சிவப்புப் பேனாவை உருவினாள். அலைக்குளம் வீழ்ந்தது. இரண்டு சறுக்குமரங்கள் சாய்ந்தன. மதியச் சாப்பாடு ஒரு சோளக்கதிராகக் குறுகியது. மூன்று மணி நேரத்துச் சாம்ராச்சியம் வெட்டுண்டு வெட்டுண்டு, இரண்டே முக்காலிலிருந்து மூன்றரை வரை என்னும் குறுநிலமாய் எஞ்சியது. மூன்றே முக்காலுக்கு வாயில் கடந்தால், ஆறரைக்கு மாரண்டஹள்ளி. அதற்கு மேல் ஒரு நிமிடமும் நோட்டில் இல்லை.

அந்தச் செவ்வாயும் விடிந்தது. பேருந்து வந்தது, சாதம் தீர்ந்தது, வாயில் திறந்தது. பன்னிரண்டரை வரை நோட்டும் உலகமும் ஒன்றையொன்று பிசகாமல் ஒத்துச் சென்றன. பின்னர், பெருஞ்சறுக்கு மரத்தின் படிக்கட்டருகே, ஊதலைக் கழுத்தில் தொங்கவிட்ட காவலர் ஒருவர் தமிழ்மணியின் இடுப்பைச் சுட்டினார்.

“சார், மெட்டல் போட்டுட்டுப் போகக்கூடாது. அதைக் கழட்டிடுங்க.”

அது அவனது வெள்ளி அரைஞாண். ஆண்மகன் உயிரோடு இருக்கும்வரை இடுப்பைவிட்டு இறங்காத அணி அது; அதைக் கழற்றும் நாள் ஒன்றே ஒன்றுதான், அந்நாளில் கழற்றுபவன் அவனாக இருக்கமாட்டான். தமிழ்மணி கருநீல அரைக்கால் சட்டையில், மலை பெயரினும் பெயராத தூணென நின்றான்.

“இதக் கழட்டணும்னா நான் செத்திருக்கணுங்க.”

“சறுக்குல மாட்டிச்சுன்னா அதுவும் நடக்கும் சார்.”

பின்னால் வரிசை பாம்பென நீண்டு சீறியது. மேற்பார்வையாளர் அழைக்கப்பட்டார், அவர் சேலத்துக்காரர், தம் பனியனைச் சற்றே தூக்கித் தம் அரைஞாணைக் காட்டி, “நானும் இங்க பதினாறு வருசமா தண்ணில எறங்குனதில்லைங்க” என்று பெருமூச்செறிந்தார். இரு வீரர்களும் ஒருவரையொருவர் வணங்கிப் பிரிந்தனர். நாற்பது நிமிடம் அங்கே மாண்டது. தமிழ்மணி வேட்டிக்கு மாறி, பையோடு கரையில் காவலிருந்தான். ஜெயபிரியா யானைத் தும்பிக்கைச் சறுக்கில் ஒன்பது முறை இறங்கி, பத்தாம் முறைக்கு அழுதாள். அவளைச் சிறுவர் குளத்தில் தந்தையின் கண்ணெதிரே இறக்கிவிட்டு, எழிலரசி மந்தநதியின் துறையை அடைந்தபோது மணி மூன்று பத்து.

அங்கேயோ அனைத்து டியூபும் ஆள் ஏறிப் போய்விட்டிருந்தன. எஞ்சியது ஒன்று, மஞ்சள் நிறம். அதன் மேல் ஒரு பூப்போட்ட துண்டு விரித்துக் கிடந்தது. ஓடும் பேருந்தின் சன்னல் வழியே துண்டெறிந்து இருக்கை பிடிக்கும் தொன்மையான போர்முறை ஈரேழு ஆறுகளிலும் செல்லுபடியாகும் போலும்! துண்டுக்குரியவள், துறைப்படியில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஓர் அம்மையார். அவளருகே அவள் தோழியர் இருவர், கவசமணிந்த யானைகளென வீற்றிருந்தனர்.

“அதுக்கு ஆள் இருக்குதுங்க” என்றாள் அம்மையார்.

“எங்கங்க?”

“துண்டு போட்டிருக்கேன் பாருங்க.”

எழிலரசி துண்டை உற்று நோக்கினாள். “துண்டா குளிக்க வந்துச்சு?”

தோழியர் இருவரும் நகைத்தனர். தன் படையே நகைத்தபின் எந்த மன்னன் நிற்பான்? அம்மையாரின் கையில் பஜ்ஜி பாதியில் நின்றது. “ஒரு சுத்துதான். வந்து குடுத்துரணும்” என்று அவள் நிபந்தனை விதிப்பதற்குள், எழிலரசி துண்டை மடித்து மரியாதையோடு அவள் மடியில் வைத்துவிட்டு, மஞ்சள் டியூபில் ஏறி மல்லாந்துவிட்டாள். மணி மூன்று பத்தொன்பது.

ஆறு நகர்ந்தது. முதல் வளைவில் அவள் வெள்ளச்சியைப் பற்றி நினைத்தாள். இரண்டாம் வளைவில் மஞ்சள் கயிறு தட்டில் இருக்கிறதா என்று நினைத்தாள், இருந்தது. மூன்றாம் வளைவில், யாரோ கூப்பிடுகிறார்களென்று தலைதூக்கிப் பார்த்தாள், யாருமில்லை. கூப்பிடாமலிருப்பது இத்தனை ஓசையாயிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நான்காம் வளைவில் ஒரு சிமெண்ட் பாறையிலிருந்து மெல்லிய சாரல் அவள் முகத்தில் விழுந்தது. அப்போது, எவ்வளவோ நாளாக இழுத்துக் கட்டியிருந்த மூட்டையொன்று தானாக முடிச்சவிழ்ந்ததுபோல, அவள் விரல்கள் விரிந்தன, கழுத்து சாய்ந்தது, இறுகக் கடித்திருந்த பற்களும் தளர்ந்தன. மாடும் மோட்டாரும் தக்காளியும் நோட்டின் இருபத்துமூன்று பக்கங்களும் நீலநீரில் ஒவ்வொன்றாகக் கழன்று பின்தங்க, வானம் மட்டும் மேலே நின்று மெதுவாகச் சுழல, உலகில் எவளும் எதையும் செய்ய வேண்டாத அந்த ஒற்றைப் பெருங்கணத்தின் வாசலை அவள் தொட்டாள். தொட்டதும் டியூப் துறைப்படியில் முட்டி நின்றது.

மணி மூன்று இருபத்தெட்டு. படியில் அம்மையார் துண்டோடு எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் தமிழ்மணி, ஒரு கையில் பையும் மறுகையில் தலை துவட்டிய ஜெயபிரியாவுமாக, கடிகாரத்தையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றான். ஓய்வெனும் கோட்டையின் மதிலேறி, கதவு தகர்த்து, அரியணையின் முதற்படியில் ஒற்றைக் காலை வைத்துவிட்ட அந்த மாபெருந்தலைவி, தன் வெற்றிக்கும் ஊரின் காப்புக்கும் நடுவே நீரில் மெல்ல ஆடியபடி, டியூபின் இரு காதுகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, நனைந்த முகத்தை உயர்த்தித் தன் கணவனை நோக்கினாள்.

“ஏங்க, இன்னும் ஒரே ஒரு சுத்து போய்ட்டு வந்துடட்டுங்களா?”