நானே செய்த கத்தி

கத்தி செய்பவனாக ஆவது என்று முடிவெடுத்தேன். நாற்பதைத் தாண்டிய ஒருவன் எடுக்கும் முடிவுகளில் இது அவ்வளவு மோசமானதில்லை. சிலர் பாடவே ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் ஃப்ரேமை வைத்து, "கொஞ்சம் லூசா இருக்கா?" என்று கேட்பது என் தொழில். ஃப்ரேமைப் பற்றித்தான் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். இப்படி வாழ்கிறவனுக்கு நெருப்பு, இரும்பு என்று ஆசை வருவது இயற்கை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெயின்ட் டப்பாவில் கரியைப் போட்டு, மனைவியின் ஹேர் டிரையரால் காற்றடித்து, ஆறு மாதம் தட்டினேன். கடைசியில் ஒரு சாமான் வந்தது. கத்தி என்று நான் சொன்னேன். ஜன்னல் ஆடாமல் இருக்க அதைச் சொருகி வைத்துவிட்டாள் அவள்.

கடையில் இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருந்தேன். வாரம் ஒரு கத்தி முடிப்பதாக. லென்ஸ் தேய்ப்பவர் அதை நம்பிவிட்டார். நம்புகிறவர்களால்தான் தொல்லை. தனக்குத் தெரிந்த கத்திப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, கத்தி செய்பவர்கள் எல்லாம் வருகிறார்கள், உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன், நானும் கூட வருகிறேன் என்றார்.

பட்டறைக்காரரை எல்லோரும் சம்மட்டி என்று கூப்பிடுகிறார்கள். அவரிடம் போனில் கேட்டேன்.

"என்ன கொண்டு வரணுங்க?"

"முதல் தடவைதானே? நீங்க செஞ்ச கத்தி ஒண்ணு கொண்டு வாங்க. பார்க்கணும்."

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கத்தி உண்டு. அடுப்பு வாங்கியபோது இலவசமாக வந்தது. தக்காளியை வெட்டச் சொன்னால் தடவிக்கொடுக்கும். புதுசு வாங்கச் சொல்லி இரண்டு வருடமாக அவள் கேட்கிறாள். "நல்லாத்தானே இருக்கு" என்பது என் பதில். எங்கள் வீட்டில் எந்தச் சாமானுக்கும் அதுதான் என் பதில்.

திட்டம் எளிமையானது. கம்பெனி முத்திரையை அரத்தால் தேய்த்து எடுப்பது. கைப்பிடியில் கயிறு சுற்றுவது. காட்டுவது. சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துத் திரும்ப வைப்பது. கடையில் என் மானமும் வீட்டில் என் தலையும் தப்பிக்க இதைவிட வழியில்லை.

சனிக்கிழமை சமையலறைக்குள் நுழைந்தேன்.

"என்ன தேடுறீங்க?"

"தண்ணி."

"தண்ணி கத்தி ஸ்டாண்டுலயா இருக்கு?"

"இல்ல, கத்தி எப்படி இருக்குன்னு பார்த்தேன்."

"ரெண்டு வருஷமா பார்க்கச் சொன்னேன். இப்ப என்ன திடீர் பாசம்?"

"சும்மாதான்."

"சரி, நாளைக்கு எந்தச் சட்டை?"

"நீலம்."

"அது பாலியஸ்டர். நெருப்புப் பொறி பட்டா உருகி உடம்போட ஒட்டிக்கும். காட்டன் போடுங்க. செருப்பு கூடாது, தோல் ஷூ. காதுக்குப் பஞ்சு வேணும். கண்ணாடி உங்க கடையிலயே இருக்கும். மடக்கு நாற்காலியும் சாப்பாடும் நான் கட்டி வெக்கிறேன்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் நெருப்புகிட்ட நிக்கிறது யாரு? நீங்களா, நானா?"

தேடி வந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"கத்தி? ஜன்னல்லேர்ந்து உருவித் தரட்டுமா?"

"வேண்டாம். கடையில வேற ஒண்ணு வெச்சிருக்கேன்."

"ஓ. அப்ப சரி. நாளைக்குத் தேவையான காயெல்லாம் இப்பவே நறுக்கிட்டேன். நாளைக்கு முழுக்க எனக்குக் கத்தி வேலையே இல்ல."

கடவுள் சில நாட்களில் கணவன்மார் பக்கமும் இருக்கிறார் என்று அன்று நம்பினேன்.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு உலைகள். அடிமரக் கட்டைகள்மேல் இரும்பை வைத்து அடிக்கும் பட்டறைக்கல். சம்மட்டி ஒல்லியாக இருந்தார், முழங்கை வரை தீப்பொறி சுட்ட புள்ளிகள். மேஜையில் விரித்த துணிமேல் எல்லோரும் தங்கள் கத்தியை வைத்தார்கள். முத்திரையைத் தேய்த்து, கயிறு சுற்றிய எங்கள் வீட்டுக் கத்தியை நானும் வைத்தேன்.

"எங்க கடையில வேலை பார்க்கிறவரு. ஆள் பார்க்கத்தான் சாது," என்றார் லென்ஸ் தேய்ப்பவர், பெருமையாக.

சம்மட்டி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன இரும்பு?"

"நல்ல இரும்பு."

"காய்ச்சினப்புறம் எதுல குளிர வெச்சீங்க?"

எண்ணெயில் என்று சொல்லியிருக்க வேண்டுமாம்.

"ஃப்ரிட்ஜுல."

ஒரு சுத்தியல் பாதியில் நின்றது. சம்மட்டியின் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. "புது முறையா இருக்கே. பதம் பார்த்துடுவோம்."

பதம் பார்ப்பது இவர்கள் வழக்கம். முதலில் கயிற்றை அறுப்பார்கள், அடுத்து மரத்தைக் கொத்துவார்கள். கடைசியில் கத்தியின் நுனியை மேஜையில் பொருத்திய இடுக்கியில் இறுக்கி வளைப்பார்கள். நல்ல கத்தி தானாக நிமிர்ந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பார்க்கத்தானே கொண்டு வரச் சொன்னீங்க?"

"பார்க்கத்தானே போறோம்."

கயிறு அறுபடவில்லை. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கத்தியில்தான் பல் விழுந்தது. இடுக்கியில் மாட்டினார்கள்.

"வேண்டாங்க. என் முதல் கத்தி. சென்டிமென்ட்."

"முதல் கத்தியைத்தான் சார் முதல்ல உடைக்கணும்."

சம்மட்டி வளைத்தார். வளைந்தபடியே நின்றது. நிமிர்த்தினார். டக்கென்று இரண்டாகப் போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். உடைந்த கத்திக்குக் கை தட்டுவதும் வழக்கமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலைஞனின் வேதனை என்று லென்ஸ் தேய்ப்பவர் என் முதுகைத் தடவினார். நான் திங்கட்கிழமை வெங்காயத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஆனால் பயத்திலும் மூளை வேலை செய்தது. ஓரத்தில் சம்மட்டி செய்த கத்திகள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று வாங்கிப் பரிசாக நீட்டிவிட்டால்? பரிசு தருகிறவனிடம் யாரும் பழையது எங்கே என்று கேட்பதில்லை. இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன்.

"அது வேண்டாம் சார். உங்களுக்குன்னு ஒண்ணு தனியா வெச்சிருக்கேன்."

டிராயரிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அழகான கத்தி. விலையைச் சொன்னார். இரண்டாவது தடவையாகக் கண் கலங்கியது.

"கைப்பிடி சின்னதா இருக்கே?"

"அவங்க கை அளவு அதுதானே."

"எவங்க?"

"உங்க வீட்டுல. போன வாரமே போன் பண்ணி நீங்க என்னென்ன கொண்டு வரணும்னு கேட்டாங்க. சொன்னேன். கத்தியை வளைச்சுப் பார்ப்போம்னும் சொன்னேன். அதுக்கு அவங்க, அவரு வீட்டுக் கத்தியைத்தான் தூக்கிட்டு வருவாரு, பாவம் பார்க்காம உடைச்சுடுங்க, என் கைக்குத் தகுந்த மாதிரி ஒண்ணு செஞ்சு வைங்கன்னாங்க."

"நான் ஃப்ரிட்ஜுன்னு சொல்வேன்னும் அவதான் சொன்னாளா?"

"இல்ல சார். அது உங்க சொந்தச் சரக்கு."

வழியெல்லாம் மூன்று பொய்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. பழைய கத்தி எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு தக்காளியை எடுத்தாள். வில்லை வில்லையாக விழுந்தது.

"நல்லா வெட்டுதுங்க."

"ம்."

கத்தியைத் துடைத்து ஸ்டாண்டில் வைத்தாள்.

"அடுத்த கூட்டம் எப்போ?"

"அடுத்த மாசம். ஏன்?"

"இந்த மிக்ஸி ரொம்ப நாளா மக்கர் பண்ணுது. எடுத்துட்டுப் போய், இதுவும் நீங்களே செஞ்சதுன்னு சொல்லுங்க."