காயாத பெயிண்ட்

கடலூர் மாவட்டத்திலேயே, ஏன், தமிழ்நாட்டிலேயே, காயாத பெயிண்டைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் கலர் மாமாதான். அடித்து ஒரு வருஷம் ஆன பிறகு கேட்டாலும், “இன்னும் ஈரம் இருக்குதுங்க” என்பார். தொட்டுப் பார்க்கவும் விட மாட்டார்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு கார் பெயிண்டிங் ஷெட்டில் டச்சப் வேலை அவருடையது. கதவில் கீறல், பம்பரில் சிராய்ப்பு என்று வருகிற வண்டிகளுக்கு, கண்ணால் பார்த்தே கலர் கலந்து கீறலைக் காணாமல் அடித்துவிடுவார். படுக்கையும் ஷெட்டிலேயேதான். அவரைத் தேடி ஒருவரும் வந்து நான் பார்த்ததில்லை.

நான் 2007இல் அங்கே போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்பு பெண்ணாடத்தில் கரும்பு வெட்டினேன். காடாம்புலியூரில் பலாப்பழ லோடு ஏற்றினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு ஊராக விட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டில் எனக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை, படுக்க இன்னொரு மூலை.

ஷெட்டின் பின்பக்கம், வெயில் படாமல் தார்ப்பாய் கட்டிய இடத்தில், ஒரு பின்பால் மிஷின் நின்றது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். நாலு காலில் சாய்வாக நிறுத்திய பெரிய பலகை, அதன் மேல் கண்ணாடி. ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, தூண்களில் முட்டி, மணியடித்து, கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழுந்துவிடாமல் பட்டனை அழுத்தி, சின்னத் துடுப்பால் திருப்பி அடிக்க வேண்டும். சிதம்பரத்து ஹோட்டல் முதலாளி ஒருவர் புதுச்சேரியில் பழைய சாமான் கடையில் பிடித்தது. மிஷின் நன்றாகவே ஓடியது. ஆனால் பலகையில் வரைந்திருந்த சர்க்கஸ்காரியின் முகத்தில் குண்டு உருண்டு உருண்டு, கட்டை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

“மூஞ்ச மட்டும் சரி பண்ணிக் குடுப்பா. ஹோட்டல்ல வைக்கணும்” என்று விட்டுப் போனார்.

கலர் மாமா சரி பண்ணினார். தினமும் சரி பண்ணினார். காலையில் மெல்லிய பிரஷ்ஷால் கன்னம், மூக்கு, உதடு என்று வரைவார். மத்தியானம் காயும். சாயங்காலம், “பெயிண்ட் நிக்குதான்னு டெஸ்ட் பண்ணணும்” என்று ஆடத் தொடங்குவார். இருட்டுகிற வரைக்கும் டெஸ்ட். அதற்குள் குண்டு கன்னத்தைச் சுரண்டிக்கொண்டு போயிருக்கும். மறுநாள் காலை மறுபடியும் கன்னம்.

“மாமா, மேல கிளியர் லாக்கர் அடிச்சிட்டா பெயிண்ட் போவாதே?” என்று ஒரு நாள் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ என்ன வேலைக்கு வந்த?”

“உப்புத்தாள் தேய்க்க.”

“தேய்.”

நிறமில்லாத மேல்பூச்சான அந்த லாக்கர் அடிக்காமல் ஒரு ஸ்கூட்டர் மட்கார்டைக்கூட வெளியே விடாதவர் அவர். லாக்கர் அடித்தால் வேலை முடியும், வேலை முடிந்தால் மிஷின் போய்விடும் என்பது என் மண்டையில் ஏறக் கொஞ்ச நாள் ஆனது.

அது நாலு பேர் ஆடுகிற மிஷின். நாலு பேராகவும் அவரே ஆடினார். “அடுத்தது யாருப்பா, வா வா” என்று தன்னையே கூப்பிட்டு, ஓர் அடி விலகி, திரும்ப வந்து நிற்பார். மூன்றாவது ஆள் சரியாக ஆடாவிட்டால் திட்டு விழும். “உனக்கெல்லாம் இது வராது மச்சான், ஊட்டுக்குப் போ.” நான் வந்த பிறகு அந்த மூன்றாவது ஆள் நானானேன். திட்டு குறையவில்லை.

ஹோட்டல் முதலாளி போன் பண்ணுவார். “இன்னுமாய்யா காயல?”

“கடல் காத்து சார். ஈரம்.”

“பங்குனி வெயில்ல என்னய்யா ஈரம்?”

“இது உப்பு ஈரம் சார். வேற மாதிரி.”

ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மணிச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கிறது.

“காயலன்ன, மணி அடிக்குது?”

“மணியத் தொடைச்சேன் சார்.”

“ஸ்கோர் ஏறியிருக்குது?”

“அழுத்தித் தொடைச்சிட்டேன் சார், ஜாஸ்தி.”

முதலாளி தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். வெயில் உள்ளே விழுந்தது. சர்க்கஸ்காரியின் முகம் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. டியூப் லைட்டில் கலந்த கலர் வெயிலில் வேறாகத் தெரியும். கார் பெயிண்டர் யாரும் செய்யாத தப்பு. ஆனால் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லையே!

“என்னய்யா, இவளுக்கு மஞ்சக்காமாலையா?”

“கீழாநெல்லி குடுத்தா சரியாப்பூடும் சார்” என்றேன் நான். முதலாளி சிரிக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை வண்டி வரும். மூஞ்சி இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, ஏத்திடுவேன்.”

அந்த வாரம் கலர் மாமா ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, வாசல் வெயிலில் புதுக் கலர் கலந்தார்.

“வுட்டுடு மாமா. அவரே ஏத்திக்கிறேன்றாரு” என்றேன்.

“அரைகுறை மூஞ்சியோட அவள எப்பிடிடா அனுப்பறது?”

லாக்கரையும் அவரே அடித்தார், ஒன்றின் மேல் ஒன்றாக. வெள்ளிக்கிழமை சர்க்கஸ்காரி கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். கண்ணாடி உடையாமல் இருக்கத் தன் போர்வையைச் சுற்றிக் கட்டினார். போர்வையும் அதோடு சிதம்பரம் போனது.

அப்புறம் சாயங்காலமானால் அந்தக் காலி இடத்தில் போய் நிற்பார். நான் சாப்பிடக் கூப்பிட்டால்தான் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டைப் பையில் பிரஷ்ஷோடு சிதம்பரம் பஸ் ஏற ஆரம்பித்தார்.

“எங்க மாமா?”

“தேஞ்சிருக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்.”

தேயவில்லை. “ஒருத்தனும் ஆட மாட்டேன்றான். கண்ணாடி மேல பார்சல் பையத் தூக்கி வைக்கிறான். ஆடினாத்தானடா தேயும்?” என்று திரும்பி வந்து புலம்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் மேனேஜர் ஷெட்டுக்குப் போன் பண்ணினார். “உங்க பெயிண்டர் இங்க ஒரே ரகளை. வந்து கூட்டிட்டுப் போங்க.”

போனேன். கண்ணாடி மேல் இருந்த பைகளையெல்லாம் தரையில் இறக்கி வைத்திருந்தார். டேபிள் டேபிளாகப் போய், “சாப்ட்டாச்சா சார்? ஆட ஒரு ஆள் கொறையுது. கை கழுவிட்டு வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வடலூரிலிருந்து வந்திருந்த ஒருவரைச் சாம்பார்க் கையோடு எழுப்பியே விட்டார். அந்தக் குடும்பம் பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடியது.

மேனேஜர் என்னிடம் கேட்டார். “நீங்க அவருக்கு யாரு?”

“வீட்டு ஆளு” என்றேன்.

“வயசானவர இப்பிடித் தனியா வுடாதீங்க.”

“சரிங்க.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தவர், புவனகிரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“யாரு வீட்டு ஆளுடா நீ?”

“உங்க வீட்டு ஆளு மாமா.”

“எனக்கு ஏதுடா வீடு?”

“அத அப்பறம் பாத்துக்கலாம்.”

மறுநாள் நான் வேறு வேலை தேடித் திருப்பூருக்குக் கிளம்புவதாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. போகவும் இல்லை.