தும்பிக்குள் இருந்த நண்டு

நான் எம்.ஏ. சரித்திரம் படித்தவள். ஒரு சரித்திரச் சான்றை ஈரத்துணியால் துடைத்து எடுத்தவளும் நான்தான். நம்பாதவர்கள் நன்னிலம் வந்து என் மாமனாரிடம் விசாரிக்கலாம். (விசாரிக்காவிட்டாலும் சொல்வார்.)

மாமனார் இளவயதில் டிராக்டர் வாங்கி வருவதாகச் சென்னைக்குப் போய், இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு திரும்பியவர். அதன் பெயர் தும்பி. தகரக் கொட்டகையில் ஒரு மனிதர் தன் கையாலேயே ஃபைபர் பாடி வார்த்து, ஏதோ ஒரு சாதாரணக் காரின் எஞ்சினைப் பொருத்திச் செய்த வண்டி. ஒரு டஜன் முடிவதற்குள் கொட்டகையை மூடிவிட்டார். தும்பிக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளிதான். ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் நெல்லின் மேல் வயிற்றை வைத்து உட்கார்ந்துகொள்ளும். இறங்கித் தள்ள வேண்டும். "டிராக்டர் வாங்கியிருந்தா இந்நேரம் அது நம்மளத் தள்ளிட்டுப் போயிருக்கும்" என்பது மாமியாரின் நிரந்தரக் கருத்து.

கொட்டகை மூடிய பிறகு, வேறு யாரோ அதே போலச் சில நகல் வண்டிகள் செய்துவிட்டார்கள். மாமனாரின் காகிதங்களோ ஒரு மழை வெள்ளத்தில் போயின. பழைய கார்ப் பிரியர்கள் யாராவது வந்து, "உங்களுது நகலா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்கு அவர் இலையில் பாதிச் சோறு அப்படியே இருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஒரு போன் வந்தது. தும்பியைச் செய்தவரின் மகள் ரெஜினா. அப்பாவின் நோட்டு கிடைத்திருக்கிறது, மிச்சமிருக்கும் வண்டிகளையெல்லாம் நேரில் பார்த்து அவற்றின் சரித்திரத்தை எழுதுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றார். மாமனார் புதுச் சட்டை எடுக்க மயிலாடுதுறைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. வண்டியின் வலது கதவு மூடினாலும் ஒரு விரல் அளவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விரல் என்றாலே எனக்கு என் மகள் யாழினியின் விரல்தான். அவளுக்கு அப்போது நான்கு வயது. வருகிறவர் பேரக் குழந்தையைக் கூட்டி வந்து, அந்த இடுக்கில் அது கையை விட்டால்? (குழந்தை வருவதாக யாருமே சொல்லவில்லை.) பட்டறைக்காரரை வரவழைத்து விளிம்பை அரத்தால் ராவச் சொன்னேன். கதவு கச்சிதமாகப் பொருந்தியது. அந்தத் தெம்பில் உள்ளேயும் துடைக்க இறங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில், பென்சில் கிறுக்கல்.

"யாழினி! என்னடி இது?"

"நான் போடலம்மா."

"பொய் வேற சொல்றியா?"

சோப்புத் தண்ணீரில் இரண்டே இழுப்பு. போய்விட்டது. அவளை மூலையில் நிற்க வைத்து, உண்மை பேசுவதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவள் விக்கி விக்கி அழுதாள்.

ஞாயிறு காலை ரெஜினாம்மா வந்தார். நேராகப் போய் வலது கதவைத் தடவினார். முகம் வாடிவிட்டது.

"கதவு சரியா இருக்கே சார். அப்பாவோட அச்சு இந்தப் பக்கம் கோணல். எல்லா வண்டியிலயும் கதவு வெளியதான் நிக்கும். நகல் எடுத்தவங்கதான் அதைச் சரி பண்ணினாங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் பட்டறைக்காரரைப் பற்றிச் சொன்னேன்.

"பரவாயில்ல. இன்னொண்ணு இருக்கு" என்று ரெஜினாம்மா டார்ச்சை எடுத்தார். "அப்பா ஒவ்வொரு வண்டிக்குள்ளயும் பென்சில்ல ஒரு படம் போடுவார். என்ன படம்னு நான்தான் சொல்லுவேன். அப்ப சின்னப் பிள்ளை. எந்த வண்டிக்கு எந்தப் படம்னு நோட்டுல இருக்கு."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். சொன்னேன். மாமனார் திட்டியிருந்தால் தேவலை. புதுச் சட்டையின் கைமடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்திருக்கேன்" என்றாள் யாழினி, மாமியாரின் சேலைக்குப் பின்னாலிருந்து. "நெறைய காலு இருக்கும்."

ரெஜினாம்மா நோட்டைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பென்சிலும் நீட்டினார். "வரைஞ்சு காட்டுடா கண்ணு."

குழந்தை ஏதாவது கிறுக்கும், அதைப் போய் நம்பலாமா என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"நீ செத்த சும்மா இரும்மா" என்றார் மாமியார்.

யாழினி ஒரு வட்டம் போட்டாள். ஒரு பக்கம் மூன்று கால், மறுபக்கம் நான்கு. இரண்டு கொடுக்கு, அதில் இடது கொடுக்கு மட்டும் பூதாகாரம். ரெஜினாம்மா நோட்டைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். 'நன்னிலம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்டு. ஒரு பக்கம் மூன்று கால், மறுபக்கம் நான்கு. இடது கொடுக்கு பெரியது.

"வயக்காட்டுக்குப் போற வண்டின்னு அப்பா சொன்னார். அதான் நண்டு போடச் சொன்னேன்" என்றார்.

மாமனார் எழுந்துபோய் யாழினியைத் தூக்கிக்கொண்டு, தும்பியை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அன்றைக்கு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ரெஜினாம்மா நோட்டில் எங்கள் வண்டிக்கான பக்கத்தில் எழுதிக்கொண்டு போனது இது: 'கதவு: மருமகள் ராவச் செய்தார். படம்: மருமகள் துடைத்தார். சாட்சி: யாழினி, வயது நான்கு.' சரித்திரத்தில் இடம்பிடிக்க வேண்டும் என்ற என் கல்லூரிக் கால ஆசை இப்படித்தான் நிறைவேறியது.

எல்லோரும் போன பிறகு யாழினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த தடவ கேட்டுட்டு அழிம்மா" என்றாள். கேட்கத்தான் செய்தேன். பதில் வருவதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன், அவ்வளவுதான். குழந்தையைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தவள், குழந்தை சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர், கூடத்துச் சுவரில் இருந்த ஒரு கிறுக்கலைக் காட்டி, "அடிச்சிரலாமாக்கா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது:

"அவளக் கேக்காதீங்க தம்பி. மெட்ராஸ்ல ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் இந்த வீட்டுல எதையும் அழிக்கிறது."