தேவானந்தம் பார்க்காத ரேஸ் படம்

சினிமாவைப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுகிறவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, மூட்டைப்பூச்சியிடம் கடி வாங்கி, இடைவேளையில் ஆறிப்போன பப்ஸைத் தின்று, அதற்கப்புறம்தான் திட்டுகிறார்கள். உழைத்துத் திட்டுகிறவர்கள், அவர்களோடு நமக்கு வம்பில்லை. இங்கே சொல்ல வந்தது வேறொரு இனம். பார்க்காமலே சொல்லுகிறவர்.

உங்கள் ஊரிலும் இருப்பார். தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் கணபதியில், அவருக்குத் தேவானந்தம் என்று பெயர். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் டீ வேளைக்குக் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு எதிர் பேக்கரிக்கு வருவார். தேங்காய் பன் வரும், கூட்டம் வரும், அப்புறம் தீர்ப்பு வரும்.

அந்த வருஷம் ஒரு கார்ப் பந்தயப் படம் வந்தது. மதுக்கரைக்காரர் சென்னிமலை என்பவர் அந்தக் காலத்தில் சென்னைப் பக்கத்துச் சோழவரம் பந்தயத்தில் வண்டி ஓட்டி ஜெயித்ததும், பிறகு அதே சோழவரத்தில் ஒரு வளைவில் விபத்தாகி இறந்துபோனதும்தான் கதை. நம்மூர் ஆள், நிஜமாக வாழ்ந்தவர், போதாக்குறைக்கு மோட்டார் சமாசாரம். தேவானந்தம் சும்மா இருப்பாரா?

"போஸ்டரைப் பார்த்தீங்களா?" என்று ஆரம்பித்தார். "ஹீரோவுக்குத் தலைமுடி பறக்குதுங்க. ஹெல்மெட் இல்லாம எந்தப் பந்தயத்துல உடுவாங்க? ஒத்தைக் கையில ஸ்டியரிங்கு, இன்னொரு கையில டாட்டா. அவரு ரேஸுக்குப் போறாரா, மாமியா ஊட்டுக்குப் போறாரா?"

பேக்கரி சிரித்தது. அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. பக்கத்து டயர்க்கடை பாலுசாமி படத்தைப் பார்த்துவிட்டு வந்து, பின்பாதி கொஞ்சம் இழுவை என்று சொன்னார். மறுநாளே தேவானந்தம், பின்பாதியில் எந்த ரீலை எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்று அதே பாலுசாமிக்கு விளக்கினார். பாட்டு நன்றாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, பந்தயக்காரன் வாழ்க்கையில் பாட்டுக்கு என்ன வேலை என்று கேட்டார். சண்டை இல்லை என்று இன்னொருவர் குறைபட, அது ஒன்றுதான் படத்தில் உருப்படி என்றார். கணபதியிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் அவருடைய அபிப்பிராயம் படத்தைவிட நன்றாக ஓடியது.

படத்தைப் பார்த்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பொய் சொல்லுகிறவர் அல்ல. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மனைவி ஜெபராணி மட்டும் கேட்டார். "ஏனுங்க, ஒருநா கூட்டிட்டுத்தான் போங்களே."

"அதுல ஒண்ணுமில்ல அம்மணி. நான் சொல்லலையா?"

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் மாலை, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெரியம்மாள் பேக்கரி வாசலில் வந்து நின்று, தேவானந்தம் யார் என்று விசாரித்தார்.

"நான் சாந்தாமணிங்க. சென்னிமலையோட தங்கச்சி."

பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. தேவானந்தத்தின் வாயில் பன் இருந்தது.

"அந்தப் படத்தைப் பத்தி நீங்க நல்லா அலசிச் சொல்றீங்கன்னாங்க தம்பி. நான் இன்னும் பார்க்கலீங்க. அண்ணன் போனது எம்பட கண்ணு முன்னாடிங்க. அதை அப்படியே காட்டியிருந்தா என்னால தாங்க முடியாது. ஆனா பார்க்காம இருக்கவும் மனசு வரமாட்டீங்குது. நீங்க சொல்லுங்க. நான் போகட்டுங்களா, வேண்டாங்களா?"

பன் இறங்க மறுத்தது. இதுவரை அவரிடம் எத்தனையோ பேர் அபிப்பிராயம் கேட்டிருக்கிறார்கள். அதை நம்பி ஒருவர் ஒரு காரியம் செய்யப்போவது இதுதான் முதல் தடவை. போகச் சொல்லி, அங்கே அந்தம்மாள் நொறுங்கிப்போனால்? வேண்டாமென்று சொல்லி, பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கவிடாமல் செய்துவிட்டால்? ஹெல்மெட்டைப் பற்றிய நகைச்சுவை எதுவும் இந்த இடத்தில் உதவாது என்பது அவருக்கே தெரிந்தது.

"நாளைக்கு ஊட்டுக்கே வந்து சொல்றனுங்க்கா" என்றார்.

கோயமுத்தூரில் படம் பார்த்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். மறுநாள் காலையில் ஜெபராணியைக் கூட்டிக்கொண்டு அன்னூருக்கு பஸ் ஏறினார். அங்கே ஒரு கொட்டகையில் அதே படம் பகல் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஜெபராணி மல்லிகை வைத்துக்கொண்டார்.

முதல் கால் மணி நேரம் தேவானந்தம் குறைகளைத் தேடினார். கிடைத்தன, எந்தப் படத்தில்தான் கிடைக்காது? அதற்கப்புறம் எப்போது தேடுவதை நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. கடைசிப் பந்தயத்தில் முன்சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் பேசவே இல்லை. கோவில்பாளையம் தாண்டியதும் ஜெபராணிக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா? படத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறீங்க."

"அதான் பார்த்துப்போட்டனே அம்மணி. இனி என்னத்தைச் சொல்றது?"

சாயங்காலம் இருவரும் சாந்தாமணி வீட்டுக்குப் போனார்கள். தேவானந்தம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வண்டி கவுந்து உழுகறதைக் காட்டலைங்க்கா. வளைவுக்கு அந்தப்பக்கம் புழுதி மட்டும் எந்திரிக்குது. மத்த வண்டியெல்லாம் வருது, அவரு வண்டி மட்டும் வரலை. அப்புறம் கூட்டத்துல ஒரு பொம்பளைப்புள்ளயைக் காட்டறாங்க. அது நீங்கதானுங்க."

சாந்தாமணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"படத்துல நான் என்ன பண்றனுங்க தம்பி?"

"ஒண்ணும் பண்ணலீங்க. கையில சோத்துத் தூக்குப்போசியோட எந்திரிச்சு நிக்கறீங்க. அழுகக்கூட இல்லை. எல்லாரும் ஓடறாங்க, நீங்க அப்படியே நிக்கறீங்க."

"அப்பச் சரியாத்தான் எடுத்திருக்காங்க" என்றார் சாந்தாமணி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவரை ஜெபராணி படத்துக்குக் கூட்டிப்போனார். இருவரும் கைகோத்துக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார்கள்.

தேவானந்தம் அதோடு திருந்திவிட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். திங்கட்கிழமை பேக்கரியில் பாலுசாமி வாயைக் கிளறினார்: "அந்த ரேஸ் படம் என்னதானுங்க ஆச்சு?"

"பார்த்தனுங்க. நல்லாருக்குது."

எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பார்த்தவன் சொல்வதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? நாலு நாள் அவர் தனியாகப் பன் தின்றார். வெள்ளிக்கிழமை எதிர்ச்சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டினார்கள். தேவானந்தம் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி அதைப் பார்த்தார். பெஞ்சு நிறைந்துவிட்டது.

சரி, அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். இந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததுமே இது இப்படித்தான் இருக்கும் என்று உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் தோன்றியிருக்குமே? பாதியை விட்டுவிட்டு நேரே இந்தக் கடைசிப் பத்திக்குத் தாவி வந்திருந்தாலும் பரவாயில்லை. தாராளமாகச் சொல்லுங்கள்; கணபதி பேக்கரி பெஞ்சில் உங்களுக்கென்று ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.